எஞ்சினுக்குப் புரையேறும்

நம் கார் ஷெட்டில் புதிதாகச் சேருகிற எல்லோரும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி கேட்கிறீர்கள். "அண்ணா, ராம் ஏர் பாக்ஸ் நாமளே செய்யலாமுங்களா?" கேட்கும்போதே போனில் ஒரு வீடியோவைத் திறந்து வைத்திருப்பீர்கள். செய்யலாம். நானே செய்திருக்கிறேன். அடுத்த மாதம் வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போகிறேன். போவதற்குள் அந்தப் பெட்டியின் கதையை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பணி அனுபவம் எழுதுகிறவர்களுக்கு வழக்கமாகத் தலை நரைத்திருக்கும். எனக்கு இன்னும் முப்பதே ஆகவில்லை. அதனால் நிதானமெல்லாம் எதிர்பார்க்காதீர்கள்.

அளவுகள், ரெசின் கலவை, எங்கே வெட்டி எங்கே ஒட்டுவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதைச் சிவுவிடம் கேளுங்கள். பைபர் கதவு செய்கிறவன், நம் ஷெட்டின் பைபர் வேலை முழுக்க அவனுடையது. கேட்காவிட்டாலும் சொல்வான். நான் சொல்ல வருவது ஒரு டாக்டரைப் பற்றி.

மாட்டு டாக்டர். அரசாங்க மிருகாசுபத்திரியில் வேலை இல்லை, சொந்தத் தொழில். கேரள எல்லையில் நம் கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமானாலும் அந்தப் பக்கமானாலும், மாடு படுத்துவிட்டால் போன் போவது அவருக்குத்தான். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவருடைய பழைய ஹேட்ச்பேக் காரின் டிக்கியைத் திறந்தால் கயிறு, கால்சியம் பாட்டில்கள், தோள்வரை வருகிற கையுறை, கம்பூட்ஸ், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு ஹெல்மெட். அந்த ஹெல்மெட் வருஷத்தில் ஒருநாள் மட்டும் வெளியே வரும். இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் தனி ரோட்டில் மலையேற்றப் பந்தயம் வைப்பார்கள். ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்ப்பார்கள். போன முறை டாக்டர் இரண்டாவதாக வந்திருந்தார். முதலாவது வர ஆசை. அதை அவர் மறைக்கவே இல்லை.

"தம்பி, மேல ஏற ஏற வண்டிக்கு மூச்சு வாங்குது. என்னமாச்சும் பண்ணு," என்றார் முதல்நாள்.

"காத்தப் புடிச்சு உள்ள தள்றாப்புல பெட்டி ஒண்ணு செஞ்சறலாமுங்க டாக்டரு," என்றேன். கார் ஓடும்போது எதிரே வருகிற காற்றை முன்பக்கம் ஒரு வாய் வைத்து வாங்கி, பெட்டிக்குள் அடைத்து, பில்டர் வழியாக எஞ்சினுக்குக் கொடுப்பது. ராம் ஏர் என்பது அவ்வளவுதான். அதை நான் கால்மணி நேரம் விளக்கினேன்.

முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "செய்யி. ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கெழம மலையேறுன வண்டி திங்கக்கெழம மாட்டுக் கட்டுத்தரைக்குப் போயாகோணும். எனக்கு வேற வண்டி இல்ல, வேற தொழிலும் இல்ல. பந்தயத்துல தோத்தா சிரிச்சுட்டு வந்துருவேன். எஞ்சின் போச்சுன்னா எங்கூட்ல அடுப்பு நின்னுரும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்க," என்றேன். இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லப் போகிறீர்கள். சொல்லாமல் யாரும் இந்தத் தொழிலுக்கு வருவதில்லை.

முதல் பெட்டி பார்க்கப் பிரமாதமாக இருந்தது. பம்பருக்கு மேலே அகலமாகத் திறந்த வாய். சிவு அதற்குக் கறுப்புப் பூசி பளபளவென்று தேய்த்திருந்தான். உள்ளே எவ்வளவு அழுத்தம் சேருகிறது என்று பார்க்க மீட்டர் வாங்கவில்லை. டாக்டரிடமிருந்தே மாட்டுக்கு டிரிப் ஏற்றுகிற குழாய் ஒன்றை வாங்கி, வளைத்து டேஷ்போர்டில் ஒட்டி, ஊதா நிற மருந்துத் தண்ணீரை நிரப்பினோம். ஒரு முனை பெட்டிக்கு, மறுமுனை திறந்தபடி. பெட்டிக்குள் அழுத்தம் கூடினால் திறந்த பக்கத்தில் தண்ணீர் ஏறும்.

ஏறியது! நான் ஓட்ட, சிவு பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்து அளந்துகொண்டே கத்தினான். "நாலு வெரலுடா! நாலு வெரலு!" ஒரு வாரம் ஓட்டினோம். எப்போது பார்த்தாலும் நாலு விரல். நான் படித்த கணக்கின்படி அந்த வேகத்துக்கு இரண்டு விரலே அதிகம். கணக்கை நம்பவில்லை, குழாயை நம்பினேன். ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை.

டாக்டர் காரை எடுத்துப் போனார். குழாயைக் கழற்றவில்லை. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காலையில் ஷெட்டுக்கு முன்னால் வந்து நிறுத்தினார். கம்பூட்ஸ்கூடக் கழற்றவில்லை.

"தம்பி, உன்ற பெட்டி மேக்க பாத்துப் போனா நல்லா வேல செய்யுது. கெழக்க பாத்துப் போனா தூங்குது."

"அப்படி இருக்காதுங்க டாக்டரு."

"இருக்குது. வெள்ளென ஒரு மாட்டப் பாக்க கெழக்க செக்போஸ்ட் தாண்டிப் போனேன், ரோடு காலி. போறப்ப ஒரு வெரலு. திரும்பி வாறப்ப நாலு. கொழாய்ல அடப்போன்னு கழட்டி ஊதிப் பாத்தேன், அடப்பில்ல. மறுக்கா போயிட்டு வந்தேன். அதே ஒண்ணு, அதே நாலு."

சிவு ரொம்ப சீரியஸாக முகத்தை வைத்துக்கொண்டு, "பெட்டிக்கு வாஸ்து செரியில்லீங்க டாக்டரு. வாய வடக்க பாத்து வெச்சிருக்கோணும்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது ஆடி மாதம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தென்னை மட்டைகள் எல்லாம் தலைவாரியது மாதிரி கிழக்கே பார்த்து நின்றன. கொஞ்சம் தள்ளிக் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. மேற்கிலிருந்து பாலக்காட்டுக் கணவாயில் நுழைந்து வருகிற மேல்காற்று. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேதான் இருக்கிறோம், துணி காயப்போட்டால் இரண்டு கிளிப் போடுகிறோம், ஆனாலும் அதைக் காற்று என்று நினைப்பதில்லை. இந்த ஊரில் வெளியே போனால் அப்படித்தான் இருக்கும், அவ்வளவே. சோதனை ஓட்டத்தை நாங்கள் எப்போதும் மேற்கே பார்த்துத்தான் செய்தோம். கிழக்கே பார்த்துப் போனால் செக்போஸ்ட் லாரி வரிசையில் மாட்டிக்கொள்வோம், வேகமே எடுக்க முடியாது. காற்றுக்கு எதிராக ஓட்டி, ஊர்க்காற்றை என் பெட்டியின் திறமை என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு ஊர்க்காரனாக இருந்தால் முதல்நாளே கேட்டிருப்பான்.

டாக்டரிடம் எனக்குப் பிடித்தது இந்த இடம்தான். ஒரு விரலைப் பார்த்தவுடன் என்னைக் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். நாலு விரலை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக மலைக்கும் போயிருக்கலாம். ஆசை அவருக்கும்தான் இருந்தது. இரண்டையும் விட்டுவிட்டு, தன் ஆசைக்கு எதிராகவே இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். நான் படித்த கல்லூரியில் அதற்குப் பெயர் உண்டு. செய்து காட்டியவர் யாரும் இல்லை.

காற்று நின்ற ஒரு காலையில் மறுபடி அளந்தோம். இரண்டு விரல். எஞ்சினுக்கு அது கொசு ஊதின மாதிரி. அப்படியானால் பெட்டியால் பயனே இல்லையா? இருந்தது, நாங்கள் தேடாத இடத்தில். பழைய பில்டர் எஞ்சின் ஓரத்துச் சூட்டுக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது. சூடான காற்று லேசாக இருக்கும், எஞ்சினுக்குச் சத்துக் குறைவு. பெட்டி அந்தச் சூட்டைத் தடுத்து வெளிக்காற்றைக் கொடுத்தது. இதை அளக்க டாக்டரின் மாட்டுத் தெர்மாமீட்டரைச் சிவு கேட்டான். "அத நான் எங்க வெக்கறேன்னு தெரியுமல்ல?" என்றார் டாக்டர். மீன் தொட்டிக் கடையில் வயர் வைத்த தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொண்டோம்.

ஆகவே இரண்டாவது பெட்டியில் வாயைச் சிறிதாக்கி, சூடு புகாதபடி சுற்றிலும் அடைத்தேன். வாயிலிருந்து பில்டருக்கு நேர் வழி, ஒரு வளைவுகூட இல்லை. வரைந்ததைக் காட்டியதும் டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்குப் புரையேறும்," என்றார்.

"என்னங்க?"

"மாட்டுக்கு மருந்து புகட்டிப் பாத்திருக்கியா? தலைய ரொம்ப அண்ணாத்திப் புடிச்சு ஊத்துனா வயித்துக்குப் போகாது. நுரையீரலுக்குப் போயிரும். ரெண்டு நாள்ல நிமோனியா. மருந்து குடுத்தவனே கொன்ன கணக்கு. உன்ற பெட்டி தலைய அண்ணாத்திட்டு வாயத் தொறந்து வெச்சிருக்குது. மழை பேஞ்சா எங்க போகும் தண்ணி?"

"வளைவு வெச்சா பிரஷர் கொறையுமுங்க."

"எந்த பிரஷரு? அந்த மேக்காலக் காத்தா?"

சிவு ஓடிப்போய் வெளியே நின்று சிரித்தான்.

வளைவு வைத்தேன். காற்று மேலே திரும்பி ஏறும், தண்ணீர் கனம் என்பதால் கீழே விழும், விழுந்தது வெளியேற அடியில் ஒரு சின்ன ஓட்டை. "மாடு இருமுச்சுன்னா ஒடனே தலைய உட்டுரோணும். அடுத்த மொடக்கு ஊத்தக் கூடாது," என்று அவர் அன்றைக்குச் சொன்னதை மாட்டைப் பற்றிய பேச்சு என்றுதான் நினைத்தேன்.

ஐப்பசியில் மலைக்குப் போனோம். காலையில் பயிற்சி ஓட்டம். ரோடு காய்ந்திருந்தது. அன்றைக்கு டாக்டரைவிட வேகமாக யாருமே ஏறவில்லை. சிவு எஸ்டேட் முழுக்க நடந்து அதைச் சொல்லிவிட்டு வந்தான். அசல் ஓட்டம் தொடங்குகிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. சும்மா தூறல் இல்லை, தேயிலைச் சரிவில் எதிர்வரிசை தெரியாத மழை. பாதி வழியில் ஒரு சப்பாத்து உண்டு. ஓடைத் தண்ணீர் மேலேயே போகும்படி தரையோடு தரையாகப் போட்ட காங்கிரீட் பாலம். காலையில் அதன்மேல் ஈரம்கூட இல்லை. இப்போது நேரம் பார்க்கிற எஸ்டேட்காரர் ரெயின்கோட்டோடு எங்கள் டாக்டரிடம் வந்தார்.

"டாக்டரம்மா, சப்பாத்துல தண்ணி ஏறிக்கிட்டு வருது. ஓட்டுறதா இருந்தா இப்பவே ஓட்டிருங்க. பெறவு நிப்பாட்டிருவோம். இப்ப ஒரு முட்டளவுக்குக் கொறச்சலாத்தான் போகுது."

முன்னால் சில வண்டிகள் இருந்தன. அதன் பிறகு டாக்டர். பழைய பில்டர் பெட்டியை மாட்டிவிடலாமே என்பீர்கள். அது ஊரில், நம் ஷெட் அலமாரியில் இருந்தது. நீங்கள் போகும்போது எடுத்துக்கொண்டு போங்கள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "தம்பி, தண்ணி பெட்டிக்குள்ள வந்தா கீழ எறங்கிப் போயிருமா?"

"போயிருமுங்க."

"தெரியுமா, நம்பறியா?"

இந்தக் கேள்வியை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லமாட்டேன். ஆனால் வரிசை நகர்ந்துகொண்டிருக்க, பின்னால் ஹாரன் அடிக்க, ஒருத்தர் முழு நம்பிக்கையோடு உங்கள் முகத்தைப் பார்த்து இதைக் கேட்கும்போது எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். "தெரியும்" என்ற சொல் வாய் நுனிவரை வந்தது. தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே இருக்கிற ராடு வளைந்துவிடும். அவருடைய வண்டி. அவருடைய தொழில்.

"நம்பறேனுங்க," என்றேன்.

கோபப்படுவார் என்று பார்த்தேன். "செரி, அப்ப பாத்துரலாம்," என்று சொல்லிவிட்டு எஞ்சினை அணைத்தார். டிக்கியிலிருந்து வாளியை எடுத்துச் சிவுவிடம் நீட்டினார். மாடு பார்க்கப் போகிறவர் வாளி இல்லாமல் போகமாட்டார். சிவு பக்கத்துக் கால்வாயில் மொண்டு, பெட்டியின் வாயைப் பார்த்து ஓங்கி வீசினான். இரண்டு வாளி. மூடியைத் திறந்தேன். அடியில் தண்ணீர் குளமாக நின்றது. சொட்டுக்கூட இறங்கவில்லை.

ஓட்டைக்குள் கம்பியை விட்டுக் குடைந்தேன். பழுப்பாக ஈரக்கட்டி ஒன்று வந்தது. நார்த்தூள். நம் ஊர் ரோட்டோரம் களம் களமாகக் காயப்போட்டிருக்கிறார்களே, தேங்காய் மட்டையின் தூள், அதேதான். மூன்று மாதமாகப் பறந்து வந்து, அந்த ஓட்டையில் உட்கார்ந்து, ஈரம் பட்டதும் உப்பி அடைத்திருந்தது.

"மறுக்கா ஊத்து," என்றார் டாக்டர். ஊற்றினோம். இந்த முறை அடியில் குழாய் திறந்த மாதிரி ஒழுகியது. பில்டர் காய்ந்திருந்தது. "ஓட்டறேன். வாய் முழுசா முழுகிருச்சுன்னா உன்ற ஓட்டை பத்தாது, அது எனக்குத் தெரியும். நீ சப்பாத்துக்கிட்டப் போய் நில்லு." பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

செடிகளுக்கு நடுவே குறுக்குப் பாதையில் ஏறிச் சப்பாத்தை அடைந்தபோது அங்கே குடையோடு ஒரு கூட்டம். தண்ணீர் செம்மண் நிறத்தில் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தது. கீழே அவர் வண்டியின் சத்தம் கிளம்பி, வளைவுக்கு வளைவு ஏறி வந்தது. என்ன ஓட்டு! ஈர ரோட்டில் அந்தக் கடைசி வளைவை அவர் திருப்பியதைப் பார்த்துக் குடைக்காரர்களில் ஒருவர் "ஆத்தீ!" என்றார். வண்டி தண்ணீரில் இறங்கியது. முன்னால் ஒரு அலை எழுந்து பம்பருக்கு மேலே போனது. எஞ்சின் ஒரே ஒருமுறை இருமியது.

அந்த இருமல் முடிவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. நின்றுபோகவில்லை, நிறுத்தினார். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, வந்த வேகத்திலேயே வண்டியை உருட்டி அக்கரை ஏற்றி ஓரமாக நிறுத்தினார். கதவு திறந்தது. ஹெல்மெட்டோடு இறங்கினார். நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, மழை கொட்டுகிறது, இவர் பானெட்டைத் தூக்கிப் பெட்டியின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுக்கிறார்.

"என்னம்மா, பிரேக்டவுனா?" என்று யாரோ கத்தினார்கள். அவர் திரும்பவில்லை. பில்டரைக் கழற்றி, அதற்கு அப்பால் எஞ்சினுக்குப் போகிற குழாய்க்குள் கையை விட்டார். கன்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தடவிப் பார்க்கிறவரின் கை. கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. கையை வெளியே எடுத்து விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பில்டரை மாட்டினார், மூடினார், ஏறினார், சாவியைத் திருப்பினார். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு அவர் மேல்பாதி மேட்டை ஏறியதை நான் பார்க்கவில்லை, கேட்டேன். காலையில் ஓட்டியதைவிட முரட்டுத்தனமாக இருந்தது.

கடைசி இடம். மேலே ஏறி முடித்தவர்களில் கடைசி.

டீக் கொட்டகையில் எல்லோரும் நனைந்து நின்றோம். அன்றைக்கு ஜெயித்த கட்சியில் ஒருத்தர், "என்ன டாக்டரம்மா, போற வழியில மாடு ஏதும் கன்னு போட்டுச்சா, எறங்கிட்டீங்க?" என்றார். கொட்டகையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார்.

"இல்லீங்க, பயந்துட்டேன். எறங்கிப் பாத்துட்டு வந்தேன்," என்றார். டீயில் சர்க்கரை கம்மி என்பது மாதிரியான குரல். கேட்டவர் அதற்கு மேல் கிண்டல் செய்ய எதுவும் கிடைக்காமல், "பெட்டி யாரு செஞ்சது?" என்று என் பக்கம் திரும்பினார்.

மறையூர் தாண்டி இறங்கும்போதுதான் எனக்குக் கேட்கத் துணிவு வந்தது. பின்சீட்டில் சிவு தூங்கிவிட்டிருந்தான். "உள்ள காஞ்சுதான் இருந்துச்சுன்னு தெரிஞ்சப்ப, சும்மா எறங்கிட்டமேன்னு இருந்துச்சுங்களா?"

"சும்மாவா?" என்னை ஒரு பார்வை பார்த்தார். "காஞ்சிருக்குன்னு தெரிஞ்சதுனாலதானே மிச்ச மேட்டுல அந்த மிதி மிதிச்சேன். தெரியாம மிதிச்சிருந்தா அதுல என்ன சொகம்?"

எனக்குத் தெரிந்து வேகமாக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். பயத்தைக் கையால் தொட்டுப் பார்த்து, இல்லை என்று தெரிந்துகொண்டு, மறுபடி அதே வேகத்துக்குப் போகிறவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நம் தொழிலில் யாரும் சொல்லித் தராத பகுதி இது. எஞ்சினை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம்.

பொள்ளாச்சி தாண்டும்போது அவருக்குப் போன் வந்தது. முந்தினநாள் கன்று ஈன்ற மாடு, காலையிலிருந்து படுத்தது எழவில்லை, காது சில்லிட்டுக் கிடக்கிறது. "கழுத்தத் திருப்பி விலாவுல வெச்சிருக்குதுங்களா? செரி, வாரேன்," என்றார். எங்களை ஷெட்டில் இறக்கிவிடக்கூட இல்லை. செக்போஸ்ட் தாண்டி நேராக மண்ரோட்டில் திருப்பினார். இருட்டத் தொடங்கியிருந்தது. அந்தத் தோட்டத்தில் கரண்ட் இல்லை. வண்டியைக் கட்டுத்தரைக்கு நேராக நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை மாட்டின்மேல் அடித்துவிட்டு இறங்கினார்.

சிவு கால்சியம் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்தான். நான் மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் ஒரு கையால் ஊசியைப் பிடித்தபடி, ஸ்டெதஸ்கோப்பை மாட்டின் நெஞ்சில் வைத்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும் என்றார். பாட்டில் தீர்ந்தது. தோட்டத்துக்காரரின் மனைவி முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார். மாடு ஒருமுறை உடம்பைச் சிலிர்த்தது, சாணி போட்டது. பின்னங்காலை ஊன்றி ஒருமுறை தடுமாறி எழுந்து நின்றது.

"எந்திரிச்சிருச்சுங்க!" என்றார் தோட்டத்துக்காரர். "டாக்டரு, அந்த வண்டிய அணைச்சுப் போடுங்க. சத்தத்துக்கு மெரளுது."

"தம்பி, போய் அணை," என்றார் டாக்டர் நிமிராமலே.

போனேன். பானெட் சூடாக இருந்தது. ஒரு தட்டல் இல்லை, ஒரு விக்கல் இல்லை. சீராக ஓடிக்கொண்டிருந்தது. சாவியில் கையை வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி நின்றேன்.

"தம்பி, என்ன பண்றே அங்க? அணை!"

அணைத்தேன்.